குறைகளில் மூன்றாவது

வீடியோ விளையாட்டு விமர்சகன் என்று சொன்னால் அவனுடைய மாமனாருக்கு இன்றைக்கும் சிரிப்புதான். அதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் அவன் பத்திரிகையில் ஒரு குறையை எழுதினால் கம்பெனிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்துவார்கள். கழுகுக் கண் என்று பெயர் வேறு. பெயரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் சோதனைப் பதிப்பு நான்கு மாதம் அவனிடம் இருந்தது. கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டி, கையசைவை உள்ளே காட்டும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, கட்டடத்துக்குள் புகுந்து பிணைக்கைதிகளை மீட்க வேண்டும். துணைக்குத் தங்கை புருஷனைச் சேர்த்துக்கொண்டான். மாப்பிள்ளை வேறு ஊரில் பல் டாக்டர். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே விளையாட்டுக்குள் போய்விடுவார்கள்.

விளையாட்டு அருமைதான், பொய் சொல்லக் கூடாது. தோட்டா தீர்ந்தால் நாமே குனிந்து இடுப்பிலிருந்து எடுத்துப் போட வேண்டும். பேச்சுக்கு இடமில்லாத இடத்தில் கைச்சைகைதான். மாப்பிள்ளை முஷ்டியைத் தூக்கினால் நில் என்று அர்த்தம்.

அந்த முஷ்டி நடுங்கியது.

"என்ன மாப்ள, கை தந்தி அடிக்குது?"

"பேட்டரி போயிருக்கும் மச்சான்."

பேட்டரி மாற்றியும் நடுங்கியது. அறையில் வெளிச்சம் பத்தவில்லை என்றான் இவன். மாப்பிள்ளை விளக்கைப் போட்டார். கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னான். பிடித்தார். இவன் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார் அந்த மனுஷன்.

விமர்சனம் வெளிவந்தது. குறை ஒன்று, ஹெட்செட் கனம், கழுத்து கழன்றுவிடும். இரண்டு, எதிரிகள் சில நேரம் சுவரைப் பார்த்தபடி மக்கு மாதிரி நிற்கிறார்கள். மூன்று, கூட்டாளியின் கையைச் சரியாகக் காட்டுவதில்லை, நடுங்குகிறது.

கம்பெனியிலிருந்து பணிவாக ஒரு கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய பதிவுகளைப் பார்த்தோம், உங்கள் கை ஆடவில்லை, அந்த ஒருவருடைய வலது கை மட்டும்தான் ஆடுகிறது, எங்கள் பக்கம் பிழை இல்லை என்றார்கள். இவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கண்ணை நான் நம்புகிறேன் என்று சுருக்கமாகப் பதில் எழுதினான்.

மறுவாரம் தங்கை போன் செய்தாள். மாப்பிள்ளையின் கையிலிருந்த கருவி நழுவி ஒரு அம்மாவின் ஈறு கிழிந்துவிட்டதாம். கிளினிக்கைப் பூட்டியாயிற்று.

"இப்ப பெரிய டாக்டர்கிட்ட வந்திருக்கோம்ண்ணா. எப்பலேர்ந்து நடுங்குதுன்னு கேக்குறார். இவர் வாயே திறக்க மாட்டேங்குறார். வீட்டுல கையைப் பாக்கெட்டுலயே வச்சிருப்பார், நானும் கவனிக்கல. முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டர் திட்டுறார்."

உலகத்துக்கெல்லாம் மறைத்த கையை மாப்பிள்ளை இவனுக்கு முன்னால் மட்டும் ஞாயிறுதோறும் தூக்கிக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னவன் இவன். இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மேசையிலிருந்த குறிப்பு நோட்டை இழுத்தான். முதல் நடுக்கத்துக்கு நேராகத் தேதி இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அதைப் படித்துச் சொன்னான்.



"உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"எழுதி வச்சிருக்கேன்மா," என்றான். "விளையாட்டோட குறைன்னு எழுதி வச்சிருக்கேன்."