குழிக்குள் கூப்பிட்ட பெயர்

...இருக்க இடமில்லாமலா இந்தக் காரீயக் குழிக்காரர்கள் இப்படியொரு சரிவில் குடிசை போட்டார்கள், ஏற ஏற மலை வளர்ந்துகொண்டே போகிறதே என்று வேலாயிக்கு எரிச்சலாக வந்தது, கோப்பித் தோட்டத்தில் ஓய்வு நாள் கிடைப்பதே அபூர்வம், அதையும் பேய்க்குக் கொடுத்தாயிற்று... முன்னால் போகிற வீரையா திரும்பியே பார்க்கவில்லை. பயமா அவனுக்கு, அவசரமா? அவசரம்தான். சின்னமுத்து செத்தது தெரிந்தால்தான் வீரையா அவளுக்குத் தாலி கட்டலாம், புருஷன் உயிரோடிருக்கிறவளுக்கு இன்னொரு தாலியா, என் லயத்து வீடுகளில் நடக்காது என்று கங்காணி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். உயிரோடிருக்கிறானா என்பதுதானே யாருக்கும் தெரியவில்லை! கோப்பிச் செடியில் நோய் விழுந்து வேலை குறைந்தபோது காரீயம் வெட்டப் போனவன், மழையில் குழி சரிந்தது, உள்ளே போனவர்களை யாரும் எடுக்கவில்லை, ஊரே காலியானது... ஆனால் கண்டிச் சந்தையில் அவனை ஒருத்தியோடு பார்த்ததாக ஒரு வண்டிக்காரன் சொன்னானே, அவன் நாசமாய்ப் போக. செத்திருக்க வேண்டும் என்றா வேண்டிக்கொண்டு ஏறுகிறேன்? சீ, என்ன பொம்பளை நான்...

கூரையில்லாத குடிசைகள், தொட்டால் கையில் கரி ஒட்டும் சுவர்கள், அதற்கப்பால் குழியின் வாய். செத்தவனைப் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டால் உள்ளிருந்து குரல் கொடுப்பானாம், உயிரோடிருப்பவன் என்றால் சத்தமே வராதாம், நாவலப்பிட்டிப் பக்கமெல்லாம் இதே பேச்சு. “சொந்தக்காரங்க கூப்பிட்டாத்தான் வரும், பேரச் சொல்லிக் கூப்பிடு, வேலாயி,” என்றான் வீரையா. “புருசன் பேர எப்பிடிச் சொல்றது?” இதுதான் அவளை வழியெல்லாம் அரித்தது, அத்தனை வருஷக் குடித்தனத்தில் ‘இந்தாங்க’ என்பதைத் தவிர வாயில் வந்ததில்லை, தோட்டத்தில் பேர் பதியும்போது புருஷன் பெயரைக் கேட்ட கணக்கப்பிள்ளைக்கே பக்கத்து வீட்டு ராக்கம்மாவை விட்டுத்தான் சொல்ல வைத்தாள், நாக்கு அழுகிப் போகாதா... “நீ கீழ போய் நில்லு வீரையா, நீ நிக்கயில எனக்கு வராது.” அவன் இறங்கிப் பனிமூட்டத்துக்குள் போனான். கண்ணை இறுக மூடிக்கொண்டாள், சின்னமுத்து! அட, வந்துவிட்டதே, குறுக்கே வந்த ஆட்டை விரட்டுவது போல... சின்னமுத்து, சின்னமுத்து! நாக்கு கூசவில்லை, நெஞ்சு கூட அடித்துக்கொள்ளவில்லை, எப்போதிலிருந்து இப்படி? உள்ளே ஒரு கல் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வதா, கங்காணி ஒப்புக்கொள்வாரா, கல்லுக்கு வாயிருக்கிறதா... காத்திருந்தாள், வேறெதுவும் வரவில்லை.

போதும், கீழே நிற்கிறவனைக் கூப்பிட்டுக்கொண்டு போகலாம். கோப்பி மலையில் நாளெல்லாம் கத்துகிறவள்தானே, ஏ வீரையா, கூடையத் தூக்கி விடு, வீரையா, அட்டை ஏறுது பாரு, காலையில் கூட வாய் நிறையச் சொன்ன பெயர், சற்று முன்னால் கூட... வாயைத் திறந்தாள். வரவில்லை. வீ... இது என்ன கூத்து, ஊரே அழைக்கிற பெயர், இதற்குப் போய் முகம் ஏன் இப்படிச் சுடுகிறது? இன்னும் தாலி கூடக் கட்டவில்லையே, கட்டுவானோ என்பதே தெரியாதே, குழி ஒன்றும் சொல்லவில்லையே...

“இந்தாங்க...” என்றாள், தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது.

கீழே பனிக்குள் காலடிச் சத்தம் நின்றது.

“யாரக் கூப்பிடுற வேலாயி, அவனையா, என்னையா?” என்று கேட்டான் வீரையா.