சவுரியம்மாளின் வாக்கர்

எலும்பு முறிவு வார்டில் பதினொரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட நோயாளியையும் நடக்க வைத்துவிடலாம். வீட்டில் இருக்கிற பாசக்காரர்களிடம்தான் மல்லுக்கட்ட முடிவதில்லை.

அன்று வீடு திரும்பிய நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற முறை எனக்கு. விழுப்புரத்தில் விடிகாலை பஸ் பிடித்து, கூட்டேரிப்பட்டு நெரிசலில் வெந்து, ஏழரைக்குத் திண்டிவனத்தில் சவுரியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். வாக்கர் பிடித்து இரண்டு வேளையும் நடக்க வேண்டும், இப்போது விட்டால் பிறகு படுக்கையோடு படுக்கைதான் என்று டிஸ்சார்ஜ் அன்றே தொண்டை வறளச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

வாக்கர் மூலையில் நின்றது. அதன்மேல் இரண்டு பாவாடையும் ஒரு துண்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"பக்கத்து வூட்டு ரோஸ்லின்தான் போட்டா. சும்மாதான கெடக்குது" என்றார் சவுரியம்மாள், கட்டிலில் படுத்தபடி.

நான் வாய் திறப்பதற்குள் மகன் மரிய அருண் வந்தான். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவன். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்து, அம்மாவை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்தான்.

"தெனமும் இப்படித்தானா தம்பி?"

"வேலைக்குப் போறப்ப ஒருவாட்டி, வந்து ஒருவாட்டி சிஸ்டர். அம்மாவ கீழ கால் வைக்கவே வுடறதில்லீங்க."

முகத்தில் அத்தனை பெருமை. தெருவே மெச்சுகிறதாம்.

"அவங்க கால நீதான் முடக்கிக்கினு இருக்க" என்றேன். முகம் சுண்டிப்போய் வேலைக்குக் கிளம்பிவிட்டான். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. துணிகளை வாரி எறிந்துவிட்டு வாக்கரை முன்னால் வைத்து, எழுந்திருங்கள் என்றேன்.

எழுந்தார். நான்கு அடி வைத்தார், தடுமாற்றமே இல்லை. உடனே திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"நல்லா நடக்கறீங்களே. அப்பறம் என்னம்மா கேடு?"

"நடந்துட்டா அவன் வரமாட்டான் சிஸ்டர்."

ஏழு வருஷத்துக்கு முன் அருண் இவரைக் கேட்காமல் அஸ்வினியைக் கட்டிக்கொண்டான். வாசப்படி மிதிக்காதே என்று இவர் சொல்லிவிட்டார். மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தும் அவன் மிதிக்கவில்லை. இவர் வழுக்கி விழுந்த அன்றுதான் வந்தான்.

"பெருசா பேச மாட்டான். வந்து தூக்குவான், போயிடுவான். அது போதும் எனக்கு."

"நீங்களே கூப்புடக் கூடாதா?"

"நான்தான வேணாம்னேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்புடறது? அந்தப் பொண்ணு வேற இருக்குது."

பிடிவாதத்துக்கு மகனைக் கொடுத்தாயிற்று, இப்போது மகனுக்காகக் காலையும் கொடுக்கிறாராம். இந்த மனுஷியை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது, அதுவும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு சாயந்திரம் மறுபடி போனேன். சவுரியம்மாள் இடுப்பில் நடை பழக்குகிற பெல்ட்டை மாட்டி, பின்பக்கத்தை அருண் கையில் கொடுத்தேன்.

"இனிமே தூக்கக் கூடாது. இதப் புடிச்சிக்கினு பின்னாலயே நடக்கணும். ரெண்டு வேளையும். வேற யாரும் புடிக்கக் கூடாது, நீ மட்டும்தான்."

"எத்தினி நாளைக்கு சிஸ்டர்?"

அவர் நடந்த நடைக்கு இரண்டு வாரமே அதிகம். சவுரியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம்" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. ரோஸ்லின் தெருமுனையைக் காட்டினாள். சவுரியம்மாள் வாக்கரோடு வந்துகொண்டிருந்தார், எதற்கோ மகனைத் திட்டியபடி. பின்னால் அருண். பெல்ட் தொளதொளவென்று தொங்கியது, அவன் அதை விடவில்லை. வாக்கரின் கைப்பிடியில் கனமான ஒரு துணிப்பை ஆடியது.

"வாக்கர்ல பை மாட்டாதீங்க, சாஞ்சிடும்னு எத்தினிவாட்டி சொல்லியிருக்கேன்?" என்று கத்தினேன்.

"மருமக குடுத்தா சிஸ்டர், கேப்பை அடை. எப்படி வேணாங்கறது?" என்றார்.

பையைக் கழற்றி அருணின் மறுகையில் கொடுத்தேன்.