ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை

சலவைக்கடைக்காரிக்கு ஏழு மாதம் ஆனதிலிருந்து ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை நடந்தது. கடை வேனைப் புருஷன் ஓட்ட, பக்கத்தில் அவள் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஐந்து வயது மகள் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் அது உத்தரவுதான், அதனால் அந்தப் பட்டப்பெயர். சில ஒத்திகைகளிலேயே வழி அவளுக்கு மனப்பாடம். "லெஃப்ட்டு" என்பாள். "சரிங்க மேஸ்திரி" என்று அப்பா திருப்புவான்.

பார்க்கத்தான் வேடிக்கை, காரணம் வேடிக்கையல்ல. மேஸ்திரி பிறந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. வெளியே வந்தும் உடனே அழவில்லை. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். பிரசவச் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்த நாளிலிருந்து சலவைக்கடைக்காரிக்குத் தூக்கம் போயிற்று. மேஸ்திரி பிறந்த அன்று வலி கண்ட பிறகும் ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போட்டு முடித்துவிட்டுத்தானே கிளம்பினாள்? அந்தத் தாமதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டியிருந்தாள். வயிற்றில் இருப்பதற்கும் அப்படி நேர்ந்துவிடக்கூடாது.

வலி வந்தது ஒரு காலை வேளையில். பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறினாள். பாலத்தருகே குழாய் பதிக்கச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"ரைட்டு," என்றாள் மேஸ்திரி.

"அங்க பள்ளம் கண்ணு. நேராப் போய்ச் சுத்திக்கலாம்."

வேன் நேராகப் போனதும் மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு ஊரைக் கூட்டினாள். வழி மாறினால் அவளுக்குத் தாங்காது என்பதை விழுந்து விழுந்து ஒத்திகை பார்த்த இருவரும் யோசிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து வலி பிடுங்க, தாயும் சேர்ந்து அலறினாள்.

"யாராச்சும் ஒருத்தராவது மூச்சு விடுங்களேன்," என்று கெஞ்சினான் நடுவில் மாட்டிக்கொண்டவன். வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கொடி இந்தத் தடவையும் சுற்றியிருந்தது. பையன் வெளியே வந்தான், அழவில்லை. டாக்டரம்மா முதுகைத் தேய்த்து, குட்டி முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்தார். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகுதான் வீறிட்டான்.

"சீக்கிரமாத்தானே வந்தேன் டாக்டர். அப்புறம் ஏன்?"

"நீங்க எப்போ வர்றீங்கன்னு பாத்தா கொடி சுத்துது? அது உங்க கையில இல்லம்மா."

"அப்போ பெரியவளுக்கும்..."

"அவளுக்கும்தான். சிக்கல் இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடுதுங்கறாங்க. ஆனா இப்படிப் பொறந்த பெரும்பாலானவங்களுக்கு ஆட்டிசம் வர்றதில்ல. சுகமாப் பொறந்தவங்களுக்கும் வருது. ஒரு குழந்தையக் காட்டி, இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

இத்தனை வருஷம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அவள் வாய்விட்டு அழுதாள், அத்தனையும் சந்தோஷம்.

புருஷன் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு வந்தான். குனிந்து மெதுவாகக் கேட்டான்: "இவனும் அவள மாதிரியே இருந்துட்டா?"

நேற்று கேட்டிருந்தால் அவள் நொறுங்கிப் போயிருப்பாள்.

"அவள மாதிரி இன்னொண்ணு கெடச்சா வேண்டாம்னா சொல்லப்போறேன்? தம்பியத் தூக்கி அவ மடியில வைங்க."

மேஸ்திரி தம்பியின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்தாள். பிடித்துவிட்டது போல. நர்ஸ் வந்து கேட்டும் கொடுக்கவில்லை.