பௌர்ணமிக்கு மறுநாள்

ஜெபசீலன் போன் செய்தபோது டோரதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளோடு நிச்சயம் பண்ணிவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று ஒற்றை மெசேஜில் கழன்றுகொண்டவன். ஜெனிஃபாவோடு அவனுக்குக் கல்யாணம் என்று போன ஞாயிறுதான் சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். இப்போது அவளையும் வாலிபர் கூட்டத்தையும் ஜவ்வாது மலைப் பாறைக்கு நட்சத்திரம் பார்க்க அழைத்துப் போகிறானாம். ‘நான் கண்டுபிடித்த இடம்’ என்று குரூப்பில் போட்டிருந்தான்.

யார் கண்டுபிடித்தது? ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் ஃபோகஸ் லைட், ஏலகிரியில் ரிசார்ட் விளக்குகள் என்று ஒவ்வொரு இடமாகக் கழித்து அந்தப் பாறையைப் பிடித்தவள் அவள். ஜெபசீலன் துரை பைக் ஓட்டினார், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் இருட்டிவிடாது, அந்தி மூன்று கட்டமாக அடங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. வேன்களெல்லாம் கிரிவலத்துக்குப் போய்விடும் என்பதால் சனிக்கிழமை வைத்திருந்தான்.

“பௌர்ணமி தாண்டிடுதுல்ல? இருட்டு கெடைக்குமா டோரதி?”

பௌர்ணமிக்கு மறுநாள் அந்தி முழுதாக அடங்குவதற்குள் நிலா கிளம்பிவிடும். அன்றைக்கு இருட்டு என்பதே வராது. ஒரு வார்த்தை சொன்னால் தேதியை மாற்றிவிடுவான்.

“சூரியன் எறங்கி ஒன்னேகால் மணி நேரம் ஆவட்டும்,” என்றாள். “அப்புறம் பாரு.”

அவன் மூக்குடைபடுவதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை அவளும் வேனில் ஏறினாள்.

பாறையில் அவன் வாத்தியார் ஆகிவிட்டான். கையிலிருக்கும் எழுத்து தெரிகிறவரை முதல் அந்தி, மலை விளிம்பு தெரிகிறவரை இரண்டாவது, மேற்கே கடைசி வெளிறல் போகிறவரை மூன்றாவது. எல்லாம் அவள் வார்த்தைகள், அவள் சொன்ன அதே வரிசை. கொஞ்சம் பொறுங்க, பால்வீதியே தெரியும் என்றான். டோரதி கடைசியில் தள்ளி நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி.

கிழக்கு மலை பின்னாலிருந்து வெளுத்தது. பெரிய, செம்மஞ்சள் நிலா எழுந்தது. ஜெபசீலன் பேச்சை நிறுத்தித் திரும்பி டோரதியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இதற்காகத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

ஆனால் ஜெனிஃபா கை தட்டினாள். “இத காட்டத்தான் கூட்டினு வந்தியா?” என்று அவன் தோளில் சாய்ந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஒரு கணம் தயங்கி, ஆமாம் என்றான்.

பாவி, அதையும் எடுத்துக்கொண்டான். அவன் நினைத்தபடி இருட்டு வந்திருந்தால் அந்த இரண்டு பேரும் அவள் கண்ணிலாவது படாமல் போயிருப்பார்கள். நிலா ஏற ஏற எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கிழக்கு ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களின் நிழல் பாறை முழுக்க நீண்டு அவள் காலடிவரை வந்தது. அவன் தலையை மிதிக்கச் செருப்புக் காலைத் தூக்கினாள். இரண்டு தலையும் ஒன்றாகக் கிடந்தன, எது அவனுடையது என்று தெரியவில்லை.