மூலையில் ஒரு பெருவிரல்

அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் மூடியை மகள் நான்காவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை ஊன்றித்தான் குனிந்தார்கள். நிமிர்ந்து போனதும் விரல்தடங்கள் மட்டும் மிச்சமிருந்தன.

"விடு பாப்பா. உங்கப்பா எந்திரிச்சா, யார் யார் வந்தாங்கன்னு அதப் பாத்தே சொல்லிருவாரு," என்றாள் அம்மா. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்கு என் கையப் புடிச்சு உத்து உத்துப் பாத்தாரு மனுஷன். எனக்கு வெக்கமாப் போச்சு. கடைசில, 'ரேகைல சுழி சுத்தமா விழுந்திருக்கு'ன்னாரு."

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் விரலையாவது பார்த்திருக்கிறார்.

போலீஸ் ரேகைப் பிரிவில் அப்பாவுக்கு முப்பத்தொரு வருஷம். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். ஒரு காலத்தில் ஆளை அடையாளம் பிடிக்கக் காதை அளந்தார்கள், தலையை அளந்தார்கள், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார்கள். விரல்ரேகை வந்ததும் அளவுகோலையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள் என்பார். "விரல் பொய் சொல்லாது" என்று முடிப்பார். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்.

அவளுக்கு எட்டு வயதானபோது, 'விரல் பொய் சொல்லாது' என்கிற அந்த வாக்கியம் நின்றுபோனது. அதே வருஷம்தான் வீட்டுக்கு ஓர் அட்டை வந்தது. பத்துக் கட்டம், பத்து விரல், கறுப்பு மை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற அப்பாக்கள் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவார்கள். இவர் அட்டையை லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாருடையது என்று கேட்டால் பதில் வராது. அவளாகவே 'அட்டைக்காரன்' என்று பேர் வைத்தாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத வீட்டில் அவளுக்கு வாய்த்த ஒரே பங்காளி.

ஒன்பது வயதில் ஒருநாள், மையில் பெருவிரலைத் தோய்த்து அட்டையின் மூலையில் பச்சக்கென்று வைத்தாள். அப்பா அவளை அடித்தது வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான். அடித்துவிட்டு, அவள் விரலைத் தோல் சிவக்கச் சிவக்கத் துடைத்தும் விட்டார். "இப்படிக் குத்தக் கூடாது. நகத்தோட இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் உருட்டணும்," என்றார், அழுகிற பிள்ளையிடம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வயதானவர் உள்ளே வந்தார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நேராகப் பெட்டியிடம் போய், பத்து விரலும் படிய இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி, ரொம்ப நேரம் நின்றார்.

"நீங்க..." என்றாள் மகள்.

"பேக்கரில வேல பாத்தேம்மா. உங்கப்பா வருஷத்துக்கு ஒரு தடவ கடைக்கு வருவாரு. ஒரு பன்னுகூட வாங்க மாட்டாரு. என் கையப் புடிச்சுப் பாத்துட்டுப் போயிருவாரு."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அந்த அட்டை உங்களோடதா?"

"கடைசி வரைக்கும் வெச்சிருந்தாரா?" அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு திருட்டுக் கேஸு. ஜன்னல் கண்ணாடில கெடச்ச ரேகை என்னோடதுதான்னு எழுதிக் குடுத்துட்டாரு. பதினாலு மாசம் உள்ள கெடந்தேன். நெஜத் திருடன் மாட்டுனப்புறம் அவரே அலைஞ்சு என்னய வெளிய எடுத்தாரு. ஜன்னல்ல கெடச்ச ரேகைல ஒரு கோடு ரெண்டாப் பிரிஞ்சு போகுமாம். என் விரல்ல அது இல்ல. 'ரேகை தெரியறதுக்குத் தடவுன பவுடர்தான் அங்க திட்டா ஒட்டியிருக்குன்னு நெனச்சுட்டேன்யா'ன்னு என் முன்னால அழுதாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்து.

மகளுக்கு அந்தப் பதினாலு மாசம் உறைக்காமல் இல்லை. ஆனால் அதற்கும் அடியிலிருந்து வேறொன்று புகைந்துகொண்டு மேலே வந்தது. இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அவள் விஷயத்திலும் அப்பா எத்தனையோ தப்பு செய்திருக்கிறார். அதற்கெல்லாம் ஓர் அட்டை வைத்து எடுத்துப் பார்த்தாரா?

"குடுத்து வெச்சவரு நீங்க," என்றாள்.

"பாப்பா! என்ன பேச்சு இது?"

பெரியவர் கோபப்படவில்லை. "ஜெயிலுக்குப் போனவனப் பாத்து யாரும் இப்படிச் சொன்னதில்லம்மா," என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அந்த அட்டையோட மூலையில ஒரு குட்டி விரல் இருக்குமே?" என்றார்.

அவள் தன் பெருவிரலைத் துணிக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் அட்டையக் கொண்டு வந்து என் விரலோட வெச்சுப் பாப்பாரு. சும்மா பாக்க மாட்டாரு, லென்ஸ வெச்சு நூறு தடவ பாப்பாரு. அந்த மூலைக்கு மட்டும் லென்ஸப் போட்டதே இல்ல. யாரு சார் இதுன்னு ஒரு நாள் கேட்டேன். 'எம்பொண்ணு. இதுக்கு லென்ஸ் வேணாம்'னாரு."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

கண்ணாடியில் அவருடைய பத்து விரல்தடங்களும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே அப்பாவின் முகம். மகள் துணியை எடுத்துக் குனிந்தாள்.

"அதையும் தொடச்சிரு. அடுத்து ஆளுங்க வர்றாங்க பாரு," என்றாள் அம்மா.

அவள் துணியை இடுப்பில் செருகினாள். பத்துத் தடங்களுக்கும் கீழே, மூலையில், பெருவிரல் நகத்தின் ஓரத்தை வைத்து, மெல்ல, மறு ஓரம்வரை உருட்டினாள்.