ஜக்கம்மாள் வீட்டுக்கு வந்த மேகம்

ஆடி மாதத்தில் ஒரு மலைமேகம் அடிவாரத்து முந்தல் ஊரில் ஜக்கம்மாள் வீட்டுக்குள் நடந்து வந்து, டிவியையும் பிரிட்ஜையும் ஏலக்காய் காயவைக்கும் கரண்டு டிரையரையும் நனைத்துக் கெடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்குப் போடி ஏலத்தில் காய் விலை சுமார்தான்.

டிவியும் பிரிட்ஜும் போனால் தொலையட்டும். டிரையர் போனதுதான் வயிற்றில் அடித்தது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் பச்சைக்காயைக் கூலிக்குக் காயவைத்துக் கொடுப்பதுதான் புருஷனை இழந்த அந்தப் பெண்ணுக்கு ஒரே பிழைப்பு. பறிப்புத் தொடங்குவதற்குள் இன்சூரன்சில் புது டிரையர் வராவிட்டால் ஜீப்புக்காரர்கள் லோடை வேறு இடத்தில் இறக்கிவிடுவார்கள். அப்படிப் போன லோடு திரும்பி வந்ததாக முந்தலில் சரித்திரமே கிடையாது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி முத்துக்கிருஷ்ணனைப் போடியிலிருந்து அனுப்பியது. பெற்ற தாய் தும்மினாலும் நிஜத் தும்மல்தானா என்று பார்க்கிற மனுஷன். பழைய டிவிக்குள் தாங்களே தண்ணீரை ஊற்றிவிட்டு மின்னல் தாக்கியது என்று கண்ணீர் விட்டவர்களை மூக்காலேயே பிடித்தவர். டிரையரின் பின்மூடியைக் கழற்றி முகர்ந்தார். கருகல் வாடை இல்லை, குழாய்த் தண்ணீரின் உப்புக்கறையும் இல்லை. உள்ளே சோலைக்காட்டுப் பாசி பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. இத்தனை சுத்தமாக யார் செட்டப் செய்திருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம் கூடியது.

"மேகம் எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"கதவு வழியாத்தான் சார். வாசல்ல வந்து நின்னுச்சு."

"நின்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

ஜக்கம்மாள் முழித்தாள். "வாங்கன்னேன். வாசல்ல வந்து நிக்கிறவுகள வேற என்ன சொல்றது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அழையாமல் புகுந்து செய்த சேதத்துக்குத்தான் இழப்பீடு. வீட்டுக்காரர் கூப்பிட்ட விருந்தாளி எதை உடைத்தாலும் கம்பெனி பொறுப்பேற்காது. மேகம் பொய்யென்றால் மோசடி, நிஜமென்றால் விருந்தாளி. இரண்டிலும் முத்துக்கிருஷ்ணனுக்கே ஜெயம்.

"இது தேறாதும்மா."

"வாய்ப்பழக்கத்துல வந்த சொல்லு சார்! அதுக்காக எஞ் சோத்துல மண்ண அள்ளிப் போட்றாதீக!" என்று அழுதாள் ஜக்கம்மாள்.

அழுகையையும் அவர் நம்பவில்லை. மேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே முடிவு சொல்வதென்று லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். பறிப்புத் தொடங்கினால் லோடை இங்கே இறக்கலாமா வேண்டாமா என்று கேட்க வந்த ஜீப் டிரைவர் சின்ராசுவும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான். சாயங்காலம் மேகம் வந்தது. நிலைக்கு வெளியே சொட்டச் சொட்ட நின்றது. ஜக்கம்மாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். புது இடத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மேகம் தயங்கித் தயங்கி நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"வாங்க, வாங்க. ஏன் வெளியவே நிக்கிறீக?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேகம் உள்ளே வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. லேப்டாப் அணைந்தது.

"அண்ணே, இப்பக் கூப்பிட்டது கம்பெனியாச்சே!" என்று சின்ராசு விழுந்து விழுந்து சிரித்தான்.

முத்துக்கிருஷ்ணன் கொஞ்ச நாள் தன் வாயையே சந்தேகப்பட்டார். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை என்று உறுதியான பிறகு, இந்தப் பக்கத்து ஜனங்கள் வாசலைப் பார்த்துச் சொல்லும் "வாங்க" சம்மதத்தில் சேராது என்று தீர்ப்பெழுதினார். முதல் பறிப்புக்கு முன்னாலேயே புது டிரையர் வந்து இறங்கியது. சின்ராசுவின் லோடும் அங்கேயே இறங்கியது.

ஐப்பசியில் மேகம் போடிக்கு வந்து, விசாரித்துக்கொண்டு முத்துக்கிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்றது. கூப்பிட்டவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதுதானே மரியாதை. அவர் மனைவி அருணா கதவைத் திறந்தாள். யார் எவர் என்று கேட்கவில்லை.

"வாங்க," என்றாள்.

முத்துக்கிருஷ்ணன் ஓடிப்போய் டிவி வயரைப் பிடுங்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.