எதிரே தெரிந்த நீலக் கூரை

"கை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு. இதுக்குப் போய் காரா?" என்றார் மாமியார், ஹோட்டல் ஜன்னலோரம் நின்று ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே.

அவர் சொன்னது மீன் காட்சியகத்தின் நீலக் கண்ணாடிக் கூரையை. பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும் போலத் தெரிந்தது. இருந்த ஒரே வாடகைக் காரை மகன் கம்பெனிக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டான்.

மாமியார் ரிட்டயர் ஆகும்வரை டிரில் டீச்சர். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்றுதான் சொல்வார்கள். மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள்.

"தினம் கண்ணு டெஸ்ட் பண்றவ, நீயே சொல்லு. எவ்வளவு தூரம் இருக்கும்?"

"பக்கம் மாதிரிதான் இருக்கு அத்தை. இருந்தாலும் டாக்ஸி கூப்பிட்டுக்கலாமே?"

"நீங்க ரெண்டு பேரும் பாத்ரூமுக்கே டாக்ஸி கூப்பிடுற ஆளுங்க."

கீழே ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் வழி கேட்டார்கள். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "நடந்தா? நடந்து யாரும் போறதில்லையே" என்றாள்.

"ஏன், வழி இல்லையா?" என்றாள் மருமகள்.

"தெரியல மேடம். யாரும் போறதில்ல."

மாமியார் அதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிருந்தார்.

ஹோட்டல் மதில் வரைக்கும் நடைபாதை நன்றாகவே இருந்தது. இரண்டு பக்கமும் பூச்செடிகள், வழவழப்பான கல். மதில் முடிந்த இடத்தில் நடைபாதையும் முடிந்தது. அதற்கப்புறம் புல், கொஞ்ச தூரத்தில் புல்லும் போய் வெறும் சரளைக்கல். வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. நடக்கிற ஆள் என்று அவர்களைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. ஓரத்தில் நட்டிருந்த மரங்களின் நிழல் ஒரு ஆளுக்குக்கூடப் போதவில்லை.

நீலக் கூரை இடதுபக்கம் நகர்ந்தது. ரோடு வளைய வளைய, முதுகுக்குப் பின்னாலும் வந்தது. அதற்கும் இவர்களுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சிமென்ட் சுவர். சுவரில் ஒரு திறப்பு இருக்கும் என்று நம்பியே நடந்தார்கள். மேம்பாலத்துக்கு ஏறும் சாய்தளத்தை ஓடித்தான் கடக்க வேண்டியிருந்தது. ஒரு வேன் ஹாரனை அடித்தபடியே அவர்களை உரசிக்கொண்டு போனது. மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் மருமகள் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அதையே மறுபடி கடக்கவேண்டும் என்பது உறைத்ததும் முன்னால் நடந்தாள்.

பாலத்துக்கடியில் ஒரு கம்பத்தில் பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு போட்டோ. வெயிலில் முகம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது.

"யாரோ பூ கட்டியிருக்காங்க" என்றார் மாமியார்.

கையிலிருந்த தண்ணீர் தீர்ந்தது. போனை எடுத்தால், சூடாகிவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துபோனது. மாமியாரின் நடை தளர்ந்தது. கேலி இல்லை, அதட்டல் இல்லை. வாய் ஓயாத மனுஷி இப்படி ஊமையானதும் மருமகள் அவரை ஒட்டியே நடந்தாள்.

"அக்கா" என்றார் மாமியார் திடீரென்று. "பஸ்ஸு போயிடுச்சா?"

அவருடைய அக்கா செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிறது. மருமகள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது. அதுவரை ஊற்றாக வழிந்த வியர்வை ஒரு பொட்டு இல்லை, தோல் காய்ந்து கிடந்தது.

மாமியாரைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, மருமகள் ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினாள். ஒரு கார் வேகம் குறைத்து, ஒதுங்கிப் போனது. பின்சீட்டிலிருந்த குழந்தை அவளுக்கு டாட்டா காட்டியது. இன்னொரு கார் நிற்கவே இல்லை. அடுத்து வந்தது, சாலையோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் லாரி. அவள் நகரவில்லை. லாரி அவளுக்கு மிக அருகில் வந்து நின்றது.

டிரைவர் இறங்கினார். "நடந்தா வந்தீங்க?"

"ஆமா."

வேறு எதுவும் கேட்காமல் குழாயை இழுத்துவந்து மாமியாரின் தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு இரண்டு பேருமாகத் தூக்கி முன்சீட்டில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "போன மாசம் இங்கேயே ஒருத்தர். நான் வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சு."

தன் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மகன் அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். "யாரு நடக்கச் சொன்னது?" என்று மனைவி மேல் பாய்ந்தான்.

"நான்தான்டா" என்றார் மாமியார், கட்டிலில் படுத்தபடியே. "அவளை ஒண்ணும் சொல்லாதே."

பாலத்துக்கு அப்புறம் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. லாரியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் ஊருக்குக் கிளம்பினார்கள். மகன் காரை ஓட்ட, மாமியாரும் மருமகளும் பின்சீட்டில். ஏர்போர்ட்டுக்கும் அந்த ரோடுதான். உச்சிவெயில். ஹோட்டல் மதில் முடிகிற இடத்தில் ஒரு ஆள் நடந்துபோய்க்கொண்டிருந்தான். தோளில் மஞ்சள் தொப்பி போட்ட குழந்தை. பின்னால் அவன் மனைவி, ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு.

"வண்டிய நிறுத்து" என்றார் மாமியார்.

"இங்க நிறுத்த முடியாதும்மா. பின்னாடி வண்டி வருது."

"நிறுத்துடா."

மைதானத்துக் குரல் அது. ஆனாலும் நிறுத்த இடமில்லை. ரோடு அவர்களை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது மதிலோரம் வெறிச்சோடிக் கிடந்தது.

"திரும்பிப் போயிருப்பாங்க" என்றான் மகன். "பாலம் வரைக்கும் போ" என்றார் மாமியார்.

மேம்பாலத்துக்கு முன்னால் சரளையில் காரை ஒதுக்கினான். பெண்கள் இருவரும் இறங்கினார்கள். சாய்தளத்துக்கு அந்தப் பக்கம், சுவரையொட்டி, மஞ்சள் தொப்பி போய்க்கொண்டிருந்தது. மாமியார் கூப்பிட்டார். வண்டிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. இருவரும் கைகளை வீசி, திரும்பி வாருங்கள் என்று காட்டினார்கள்.

அந்த ஆள் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே அவனும் கையசைத்தான். குழந்தையின் கையைப் பிடித்து அதையும் ஆட்டவைத்தான். பிறகு முன்பக்கம் திரும்பி நடந்தான்.

மருமகள் லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேனேம்மா" என்றார் அவர். "இதோ கிளம்பிட்டேன். அவங்களை அங்கேயே நிக்கச் சொல்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தபோது, மாமியார் தண்ணீர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டோரக் கம்பித் தடுப்பின்மேல் ஒரு காலை வைத்திருந்தார். சாய்தளத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன.